அந்தப் புங்குடுதீவு மனுசி எந்தப் பக்கத்தில் வருகிறார்?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். பனம்பொருள் உற்பத்தியில் இருக்கும் பெண்களின் வாழ்வாதாரம்தான் தலைப்பு. 19 பெண்களிடம் நேர்காணல் எடுத்தேன். வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பதால் நேரம் போதவில்லை. ஒலிப்பதிவுகளை அம்மாதான் கேட்டு 6 கொப்பிகளில் எழுதித் தந்தார். அவற்றைப் படம் எடுத்து சாட்ஜிபிடியில் ஏற்றி, ஆய்வு முடிவுகள் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் எழுதவைத்தேன். மேற்பார்வையாளர், “இப்போதுதான் ஆய்வாளர் மாதிரி எழுதியிருக்கிறீர்” என்று பாராட்டினார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. வீட்டில் அம்மா வேறு, “புருசன் செத்த பிறகு தனிய ஏலாமல் புழுக்கொடியலை விட்டிட்டு ஒடியலோட நிண்டிட்டன் எண்டு சொன்ன புங்குடுதீவு மனுசி எந்தப் பக்கத்தில வாறா?” என்று கேட்டபடி இருக்கிறார். நான் உண்மையில் ஆய்வாளர்தானா? சாட்ஜிபிடி எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அகப்பட்டால் என்ன செய்வது?
- கோண்டாவில் வாசகி

பதில்: பிள்ளை, “வீட்டில் அம்மா வேறு” என்று எழுதியிருக்கிறீர். அந்த “வேறு” என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. கரண்ட் போனது, மோட்டர் பழுதானது என்பதுபோல அம்மாவையும் தொல்லைக் கணக்கில் சேர்த்துவிட்டீர். உமது ஆய்வைப் பற்றி இதுவரை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வியை அவர்தான் கேட்டிருக்கிறார். அதற்கு நீர் என்ன பதில் சொன்னீர் என்பது கடிதத்தில் இல்லை. பதில் உமக்குத் தெரியாது.

இதே சாயலில் எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. நான் ஆய்வாளர்தானா என்று கேட்பவர்கள் எல்லாருமே “ஓம், கவலைப்படாதேங்கோ” என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். உமக்கு அதைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கு அந்த ஆய்வின் ஆய்வாளர் உமது அம்மா. 19 பேரின் குரலையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டவர் அவர். யார் எந்த ஊர், என்ன சொன்னார், எந்த இடத்தில் குரல் தளர்ந்தது என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கிறது. நீர் அந்தக் கொப்பிகளைப் படமாகத்தான் பார்த்திருக்கிறீர்.

அந்த மனுசி சொன்னதையே எடுப்போம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. அவிக்க வேண்டுமென்றால் பெரிய பானை வேண்டும், விறகு வேண்டும், தண்ணீர் அள்ள வேண்டும், பானையை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். புருசன் போனதும் அந்த இன்னொரு ஆள் இல்லாமல் போய்விட்டது. ஒரு பெண்ணின் கைம்மை அவள் எந்தப் பண்டத்தைச் செய்கிறாள் என்பதையே மாற்றிவிட்டது. பிள்ளை, இது ஒரு ஆய்வு முடிவு! மற்றப் பெண்களிடமும் இப்படி நடந்ததா என்று தேடிப் போயிருக்க வேண்டிய முடிவு. அதைக் கண்டெடுத்தவர் உமது அம்மா. உமது அத்தியாயத்தில் “காயவைத்த பனங்கிழங்கு உற்பத்திகள்”, “பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் எதிர்கொள்ளும் வளப் பற்றாக்குறை” என்று ஏதாவது இருக்கும். எடுத்துப் பாரும், நான் சொன்னது பிழையென்றால் எழுதி அனுப்பும்.

சாட்ஜிபிடி என்ற அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் அப்படி. மலைமலையாக எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோர்த்துக்கொண்டே போகும். எல்லாரும் எழுதுகிற வசனம் அதற்குச் சுலபமாக வரும். ஒருத்தி மட்டும் சொன்ன பேச்சு அதற்குள் கரைந்துபோகும்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று செய்திருக்கிறீர், அதை நீர் உணரவே இல்லை. பெயர் வெளியே வராது என்று அந்தப் பெண்களிடம் சம்மதம் வாங்கியிருப்பீர்தானே? அவர்களின் பேச்சு முழுவதும் எழுதிய கொப்பிகளை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கணினிக்கு அனுப்ப யாரிடம் கேட்டீர்? அம்மா கேட்டு எழுதுவார் என்றாவது சொன்னீரா? முன்பின் தெரியாத உம்மைத் திண்ணையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, செத்த மனிசனைப் பற்றிச் சொன்னவர்கள் அவர்கள்.

மென்பொருளைப் பற்றிக் கேட்டீர். அதை நம்பிப் பயப்படவும் வேண்டாம், நம்பித் தப்பவும் வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, தானே வெளியிட்ட அப்படியான கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இந்தக் கருவிகள் இயந்திர எழுத்தென்று காட்டியதைக் கண்டார்கள். பிடிபடுவோமா என்பதிலேயே நிற்காதேயும். 2023 ஜனவரியில் ‘நேச்சர்’ அறிவியல் இதழ் சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கட்டுரையின் ஆசிரியராக ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது சொன்ன காரணம், எழுதியதற்கு அதனால் பொறுப்பேற்க முடியாது என்பதுதான். உமது அத்தியாயத்துக்கு இப்போது அந்தப் பொறுப்பை ஏற்க யார் இருக்கிறார்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏற்றிய படங்களையும் உரையாடல்களையும் இன்றே அழியும். அழித்தாலும் முழுதாகப் போகும் என்று எண்ணாதேயும். இந்தக் கிழமையே மேற்பார்வையாளரிடம் போய்க் கொப்பி விஷயத்தை முதலில் சொல்லும், அத்தியாயத்தைப் பற்றிப் பிறகு சொல்லும். ஏசுவார், கேட்டுக்கொள்ளும். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் உமக்கு நித்திரை வரும்.

பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து ஒலிப்பதிவுகளை முதலில் இருந்து கேளும். கைத்தொலைபேசியைக் காதில் வைத்துத் தனியாகக் கேட்காதேயும், அவரோடு சேர்ந்து கேளும். தமிழில், உமது கையால் எழுதும். ஆங்கிலத்தில் இலக்கணம் திருத்த அந்தக் கருவியை மேற்பார்வையாளர் அனுமதித்தால் பாவித்துக்கொள்ளும், பாவித்தேன் என்று ஆய்வேட்டில் எழுதும். எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் பேச்சை எழுத்தாக்கியவர் யார் என்பது ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் வர வேண்டும். நன்றியுரையின் கடைசி வரியில் “என் அன்பு அம்மாவுக்கு” என்று போட்டு முடிக்கிற வேலை வேண்டாம். எங்கள் வீடுகளில் பிள்ளையின் படிப்பு என்று சொல்லித் தாய்மார் செய்யும் வேலைக்குக் கணக்கே இல்லை. நீர் கணக்கு வைக்கலாம்.

எழுதி முடித்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு புங்குடுதீவுக்கு பஸ் ஏறும். அந்த மனுசிக்கு அவரைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டும். அதற்கு முதல் உமது அம்மாவுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது. பக்க எண்ணோடு சொல்லும்.