மருத்துவர் பதில்: முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளம், சுண்ணாம்பு தடவலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஒரு கிராமம். சீசனில் வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் ஓட்டிலிருந்து தெறித்த பால் கையில் பட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் விரல் இடுக்கு, மணிக்கட்டு, கண் இமை எல்லாம் சிவந்து, நீர்க்கொப்புளம் போட்டு, ராத்திரி தூங்க முடியாத அரிப்பு. மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். என் இரண்டு வயது மகனுக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: முதலில் உங்கள் மகனைப் பற்றிய பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொப்புளத்தில் ஊறும் தண்ணீர் உங்கள் உடம்பில் சுரப்பதுதான். அதில் முந்திரியின் நஞ்சு கிடையாது. அது பட்டு யாருக்கும் ஒட்டாது. ஆனால் உடைக்கும்போது கட்டியிருந்த புடவை, உட்கார்ந்த சாக்கு, கட்டை, கத்தி ஆகியவற்றில் அந்தப் பாலின் எண்ணெய் காய்ந்து ஒட்டியிருக்கும். குழந்தைக்கு ஆபத்து அங்கேதான். அந்தத் துணியோடு அவனைத் தூக்காதீர்கள். துணிகளைத் தனியாகச் சோப்புப் போட்டுத் துவையுங்கள். கத்தியையும் கட்டையையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கண் இமைக்கு இது போனதும் உங்கள் விரல் வழியாகத்தான்.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருள்கள் உள்ளன. அதிகம் பட்டால் உடனே தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். கொஞ்சமாகப் பட்டாலும், ஏற்கெனவே ஒவ்வாமை உண்டாகிவிட்ட உடம்பில் ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிவந்து வெடிக்கும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. சலவைத் துணியில் குறி போடப் பயன்படும் சேங்கொட்டையின் பால் பட்டாலும் இதே கதைதான். இரண்டும் ஒரே குடும்பம்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது காரம், புண்பட்ட தோலை மேலும் வேகவைத்துவிடும். எலுமிச்சைச் சாறு, பூண்டு, மண்ணெண்ணெய், கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஒத்தடம் எதுவும் கூடாது. வெந்நீர் பட்ட நிமிடத்தில் சுகமாகத்தான் இருக்கும், பிறகு அரிப்பு இரட்டிப்பாகும். மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார், ஆனால் நீர் வடியும் தோலில் வேப்பிலை, மஞ்சள் விழுது காய்ந்து பொருக்காகி, அடியில் சீழ் கட்டினால்கூடத் தெரியாது. சிலருக்கு அவையே புதிய ஒவ்வாமையைக் கிளப்பும்.

உங்களுக்கு இப்போது வேண்டியது குளிர்ச்சி. சுத்தமான பழைய வேட்டித் துணியைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கால் மணி நேரம் போட்டு எடுங்கள். ஒரு நாளில் நான்கைந்து தடவை செய்யலாம். நீர் வடிவது குறைய இதைப்போல எளிய வழி வேறில்லை. துணியை எடுத்ததும் காலமைன் லோஷன் தடவலாம். கண்ணைச் சுற்றி மட்டும் வேண்டாம். ஓட்ஸ் கிடைத்தால் மிக்ஸியில் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கையை அமிழ்த்தி வைக்கலாம். கற்றாழை வைப்பதானால், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்கக் கழுவிவிட்டு உள்சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பாலே எரிச்சல் தரும். தேங்காயெண்ணெய், கொப்புளம் காய்ந்து தோல் வறண்டு உரியும்போது நல்லது. அதற்கு முன் வேண்டாம். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

இவை எல்லாம் வேதனையைத் தணிக்குமே தவிர, ஒவ்வாமையை நிறுத்தாது. அது தானாக அடங்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். உங்களுக்குக் கண் இமையிலும் வந்திருப்பதால், வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் நாளையே காட்டுங்கள். இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போனாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஸ்டீராய்டு களிம்போ மாத்திரையோ தேவைப்படலாம். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கி முகத்தில் தடவுவது மட்டும் கூடாது. கண்ணருகே அது கெடுதல் செய்யும். மாத்திரை கொடுத்தால், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். அரிப்பு நின்றதும் பாதியில் விட்டால் திரும்பவும் கிளம்பும்.

ஆறியபின் திரும்ப உடைக்கத்தான் போவீர்கள். கூலி வேலையை விடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் ஊரில் கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்களே, அதை விடாதீர்கள். அதன்மேல் தடிமனான நைட்ரைல் கையுறை போடுங்கள். மெல்லிய ரப்பர் உறையை நம்பாதீர்கள். பால் தெறித்தால் வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்துக்குள் சோப்பும் ஓடும் தண்ணீரும் படுவது, மூன்றாம் நாள் பூசும் எந்த மருந்தையும்விடப் பெரிது. நக இடுக்கையும் கழுவுங்கள்.

இன்னொன்று, இது மாம்பழக் காலம். மாங்காய்க் காம்பில் வடியும் பாலும் முந்திரியின் சொந்தம்தான். பழத்தை நன்றாகக் கழுவி, வேறு யாராவது தோல் சீவித் தரட்டும். சதையை மட்டும் சாப்பிட்டும் உதடு தடித்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள்.