மோட்டார்ஹோமில் டிஸ்னி வேர்ல்டுக்கு: குடும்பத்துடன் புறப்படுவோரின் கேள்விகளும் பதில்களும்

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரிலிருந்து புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு, வாடகை மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டியில்) நான்கு முறை குடும்பத்துடன் சென்று வந்திருக்கிறேன். விடுமுறைக்குத் திட்டமிடும் நம் குடும்பங்கள் கேட்டவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

கேள்வி (சார்லட், இரண்டு பிள்ளைகளின் தந்தை): அண்ணா, விமானச் சீட்டு, ஹோட்டல் அறை, வாடகைக் கார் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால் மோட்டார்ஹோம் மலிவாக இருக்குமா?

பதில்: பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் வேண்டாம், தம்பி. சொந்தக் காரில் சென்று சாதாரண விடுதியில் தங்குவதே பெரும்பாலும் குறைவாக முடியும். மோட்டார்ஹோம் வாடகை இரவுக் கணக்கில் தொடங்கினாலும், பல இடங்களில் ஓடும் மைலுக்கும் ஜெனரேட்டர் இயங்கும் மணிநேரத்துக்கும் தனித்தனியே கட்டணம் சேரும். அட்லாண்டாவிலிருந்து டிஸ்னி வேர்ல்டுக்கு அருகிலுள்ள ஆர்லாண்டோவுக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 440 மைல். போக வர 900 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிகள் ஒரு கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்பதால் 90 முதல் 112 கேலன் பெட்ரோல் பிடிக்கும். சார்லட்டிலிருந்து தூரம் இன்னும் சற்று அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும், சொந்தச் சமையலறையும், சொந்தக் கழிப்பறையும், பகலில் பிள்ளைகள் படுத்து எழ ஒரு கட்டிலும் உங்கள் குடும்பத்துக்குப் பெறுமானம் உள்ளவை என்று தோன்றினால் தயங்காமல் புறப்படுங்கள்.

கேள்வி (ராலே): எங்கே தங்குவது? பூங்காவின் வாகன நிறுத்துமிடத்திலேயே வண்டியை நிறுத்தி உறங்க முடியாதா?

பதில்: முடியாது, பூங்கா நிறுத்துமிடங்களில் இரவு தங்க அனுமதி இல்லை. நான் ஒவ்வொரு முறையும் டிஸ்னியின் சொந்தக் கேம்ப்கிரவுண்டான (முகாம் மைதானமான) ஃபோர்ட் வைல்டர்னஸில்தான் தங்கினேன். டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்ட அதே 1971ஆம் ஆண்டு, நவம்பரில் அது தொடங்கியது. 750 ஏக்கர் பரப்பில், பைன் மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 800 முகாம் இடங்கள் உள்ளன. மோட்டார்ஹோமுக்கான இடங்களில் மின்சாரம், குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகிய மூன்றும் இணைத்துக்கொள்ளலாம். ஓர் இடத்தில் 10 பேர் வரை தங்கலாம் என்பதால் தாத்தா பாட்டியோடு செல்லும் நம் குடும்பங்களுக்கு அது பொருத்தமானது.

வண்டியை ஒருமுறை இடத்தில் நிறுத்தி இணைப்புகளைக் கொடுத்துவிட்டால், புறப்படும் நாள்வரை அதை நகர்த்தாதீர்கள் என்பதே இந்தப் பயணம் பற்றி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. குழாயையும் மின்கம்பியையும் தினமும் கழற்றி, பாத்திரங்களைக் கட்டி வைத்து, முப்பது அடி வண்டியைப் பூங்காவுக்கு ஓட்டிச் செல்பவர்கள் இரண்டாம் நாளே களைத்துப் போகிறார்கள். கேம்ப்கிரவுண்டின் படகுத்துறையிலிருந்து மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலுக்கே படகு செல்கிறது. மற்ற மூன்று பூங்காக்களுக்கும் பேருந்து உண்டு. தனியார் கேம்ப்கிரவுண்டுகள் அருகிலுள்ள கிசிம்மி ஊர்ப்பக்கம் இதைவிடக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து தினமும் பூங்காவுக்குப் போக ஒரு கார் வேண்டியிருக்கும்.

கேள்வி (ஆகஸ்டா): ஐயா, நான் இதுவரை காரைத் தவிர வேறு எதையும் ஓட்டியதில்லை. தனி உரிமம் வேண்டுமா?

பதில்: குடும்பங்கள் வழக்கமாக வாடகைக்கு எடுப்பது ஓட்டுநர் இருக்கைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் 'சி' வகை வண்டி. ஃபோர்டு இ-450 அடித்தளத்தில் கட்டிய இத்தகைய வண்டி, முழுச் சுமையோடு 14,500 பவுண்டுக்குள் இருக்க வேண்டியது. சாதாரணக் கார் உரிமமே போதும்.

உரிமத்தைவிட மூன்று பழக்கங்கள் முக்கியம். முதலாவது உயரம்: வண்டி ஏறத்தாழ பன்னிரண்டு அடி இருக்கும் என்பதால், சரியான அளவை ஒரு தாளில் எழுதி ஸ்டீயரிங் அருகே ஒட்டிவைத்து, உணவகங்களில் வண்டியில் இருந்தபடியே உணவு வாங்கும் டிரைவ்-த்ரூ கூரைகளின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். இரண்டாவது வால்: பின் சக்கரங்களுக்கு அப்பால் பல அடி நீளம் இருப்பதால், நீங்கள் இடப்புறம் திரும்பும்போது வண்டியின் பின்பகுதி வலப்புறம் வீசும், பெட்ரோல் பம்பில் தூணில் இடிப்பது இப்படித்தான் நேர்கிறது. மூன்றாவது பின்னோக்கி ஓட்டுவது: ஃபோர்ட் வைல்டர்னஸில் எல்லா இடங்களிலும் ரிவர்ஸில்தான் வண்டியை நுழைக்க வேண்டும். வண்டியை எடுத்த அன்றே காலியான ஒரு மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகுங்கள். பின்னால் ஒருவர் இறங்கி நின்று கைகாட்ட, அவரைக் கண்ணாடியில் காண முடியாத கணத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (நாஷ்வில், ஒரு தாய்): 2 வயதுக் குழந்தையையும் 6 வயதுப் பெண்ணையும் எங்கே அமர்த்துவது? பின்னால் சோபாவில் படுத்தபடியே வரலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சகோதரி. ஓடும் வண்டியில் எல்லோரும் பெல்ட் அணிந்து அமர்ந்திருக்க வேண்டும். படுக்கையும் பக்கவாட்டு சோபாவும் குழந்தைகளுக்கான இடங்கள் அல்ல. குழந்தை இருக்கையை முன்னோக்கிய டைனெட் பெஞ்சில் (சாப்பாட்டு மேசையின் பெஞ்சில்) மட்டுமே பொருத்தலாம். ஆனால் பல வண்டிகளில் அந்த பெஞ்சுக்கு இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும், தோள் பெல்ட் இருக்காது. உங்கள் 6 வயதுப் பெண் பயன்படுத்தும், பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கைக்குத் தோள் பெல்ட் கட்டாயம் தேவை. வழியில் வரும் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டப்படி 8 வயது நிறையாத பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கையோ பூஸ்டரோ வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே முன்பதிவுக்கு முன்பே, எத்தனை இடங்களில் எந்த வகைப் பெல்ட் உள்ளது என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

டைனெட் பெஞ்சின் மரச்சட்டம் காரின் இருக்கை அளவுக்கு மோதலைத் தாங்கும்படி கட்டப்பட்டதல்ல என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தவரை, நான் மோட்டார்ஹோமை ஓட்ட, என் மனைவி பிள்ளைகளுடன் எங்கள் காரில் பின்தொடர்ந்தார். பெட்ரோல் செலவு கூடியது உண்மைதான். ஆனால் அந்த முடிவை எந்தப் பயணத்திலும் நான் மாற்றிக்கொள்ள விரும்பியதில்லை. கேம்ப்கிரவுண்டில் காய்கறி வாங்கப் போகவும் அந்தக் கார் உதவியது.

கேள்வி (கொலம்பியா): கழிவுத் தொட்டியைக் காலி செய்வதை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அது எப்படி?

பதில்: முறை தெரிந்தால் பத்து நிமிட வேலை. கழிப்பறைக் கழிவு சேர்வது கறுப்புத் தொட்டி; குளியல், பாத்திரம் கழுவிய நீர் சேர்வது சாம்பல் தொட்டி. குழாய் இணைப்பு இருக்கிறதே என்று கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்போது நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் குவிந்து இறுகி, பிறகு எவ்வளவு முயன்றாலும் இறங்காது. வால்வை மூடியே வைத்து, ஒவ்வொரு முறையும் தாராளமாக நீர் ஊற்றி, தொட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் முதலில் கறுப்பையும் அடுத்துச் சாம்பலையும் திறங்கள். சோப்பு நீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை அணியுங்கள். எளிதில் கரையும் காகிதத்தைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக்கூடாது என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேம்ப்கிரவுண்டில் குளியலறைகளும் சலவை எந்திரங்களும் உள்ள பொதுக் கட்டடங்கள் உண்டு. குளியலை அங்கே வைத்துக்கொண்டால் வண்டியின் தொட்டி நிதானமாக நிறையும்.

கேள்வி (மேக்கன்): அண்ணா, இட்லி, தோசைக்கு வழி உண்டா? ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியை எடுத்துச் செல்லலாமா?

பதில்: ஊர் மிக்ஸி 230 வோல்ட்டுக்கு உரியது, இங்கே விற்கும் 110-120 வோல்ட் மிக்ஸியையே எடுத்துச் செல்லுங்கள். சட்னியைப் புறப்படும் முன்பே அரைத்து உறையவைத்துக்கொண்டால் அதுவும் வேண்டாம். மாவைப் பாத்திரத்தின் பாதி அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். புளோரிடா வெப்பத்தில், குலுங்கும் வண்டியில் அது விரைவாகப் பொங்கிவிடும்.

மின்சாரத்தில்தான் கவனம் தேவை. வாடகை வண்டிகள் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பு கொண்டவை. அதாவது 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையும் மைக்ரோவேவையும் சேர்த்து இயக்கினால் பிரேக்கர் விழுந்துவிடும். குக்கரை வண்டியிலுள்ள கேஸ் அடுப்பில், மேற்கூரை விசிறியைப் போட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள். தாளிக்கும் புகைக்கே அலாரம் ஒலிக்கும் என்பதால் நான் தாளிப்பதை வெளி மேசைக்கு மாற்றிவிட்டேன். பூங்காவுக்குள்ளும் வீட்டு உணவைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளியோதரையும் தயிர்சாதமும் எங்கள் நண்பகலைப் பலமுறை காப்பாற்றியிருக்கின்றன.

கேள்வி (பர்மிங்ஹாம்): கோவையிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி.

பதில்: அவருக்குப் பின்புற அறையின் கட்டிலைக் கொடுங்கள், மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டும். வண்டியின் வாசற்படிகள் உயரமானவை என்பதால் ஓர் உறுதியான முக்காலி வைத்துக்கொள்ளுங்கள். கேம்ப்கிரவுண்ட் மிகப் பெரியது. உள்பேருந்து இருந்தாலும் கோல்ஃப் கார்ட் ஒன்றை முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. பூங்காவுக்குள் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அவர்கள் பூங்காவுக்கு வராத நாளில் ஏரிக்கரையில் அமர்ந்து, 1971 முதல் நடைபெறும் மின்விளக்கு மிதவை ஊர்வலத்தைப் பார்க்கலாம். அதற்குச் சீட்டு வேண்டாம்.

கேள்வி (சவானா): நுழைவுச் சீட்டு, உயரக் கட்டுப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: 3 வயது நிறையாதவர்களுக்குச் சீட்டு வேண்டாம், 3 முதல் 9 வரை குழந்தைச் சீட்டு. மேஜிக் கிங்டமின் ரோலர் கோஸ்டர்களில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலமும், டிரானுக்கு 48 அங்குலமும் உயரம் வேண்டும். வீட்டிலேயே அளந்து, முடியாதவற்றைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிட்டால் வாசலில் அழுகை இராது. ஃபோர்ட் வைல்டர்னஸில் தங்குவோர் பூங்கா திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே நுழையலாம்.

கேள்வி (ஹன்ட்ஸ்வில்): எந்த மாதம் செல்வது? வழியில் எங்கே உறங்குவது? எத்தனை நாள் வேண்டும்?

பதில்: சூன் முதல் நவம்பர் முடிய புயல் காலம், கோடையில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. ஒருமுறை வண்டியின் பக்கவாட்டில் விரியும் பந்தல் துணியை விரித்தபடியே பூங்காவுக்குப் போய்விட்டேன். மழைக்காற்றில் அதன் கை முறிந்து, பழுதுச் செலவு முழுவதும் என்மேல் விழுந்தது. வெளியே கிளம்பும்போது அதைச் சுருட்டிவிடுங்கள். பள்ளி விடுப்பு கிடைத்தால் சனவரி பிற்பகுதி சிறந்தது.

அட்லாண்டா வழியாக ஐ-75 சாலையில் வால்டோஸ்டா தாண்டி, வைல்ட்வுட்டில் டர்ன்பைக் சுங்கச்சாலைக்கு மாறுங்கள். புளோரிடாவின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே புளோரிடா எல்லைக்கு முன்பே, வால்டோஸ்டா அருகே ஒரு கேம்ப்கிரவுண்டில் முதல் இரவைக் கழியுங்கள். ஃபோர்ட் வைல்டர்னஸில் முகாம் இடம் பிற்பகல் 1 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால் மறுநாள் அவசரமின்றிச் சென்று சேரலாம்.

அங்கே ஐந்து இரவுகள் வையுங்கள். பூங்காவுக்கு மூன்று நாள். இடையிடையே ஒரு நாள் நீச்சல்குளமும் உறக்கமும். கடைசி நாள் 11 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். தொட்டிகளை முந்தைய மாலையே இறக்கிவிட்டால் காலையில் குழாயைச் சுருட்டி, மின்கம்பியைக் கழற்றி, படியை மடித்துவிட்டு நேரே கிளம்பலாம்.