டோட்டி ஏன் ரோமாவை விட்டுப் போகவில்லை? – கேள்வி பதில்

வாழ்நாள் முழுக்க ரோமா என்ற ஒரே கிளப்புக்கு ஆடிய இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ டோட்டியைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சின்ன வயதிலிருந்தே ரோமாதானா, இல்லை பிறகு வாங்கினார்களா?

பிறந்ததே ரோம் நகரில்தான், 1976 செப்டம்பர் 27. வீடே ரோமா ரசிகர் வீடு. ஏசி மிலான் பையனைக் கேட்டபோது, அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அம்மா மறுத்துவிட்டார். 1989ல் ரோமாவின் இளையோர் அணியில் சேர்ந்தார். 1993 மார்ச் 28ல் பிரெஷியாவுக்கு எதிராகப் பயிற்சியாளர் போஷ்கோவ் அவரைக் களமிறக்கியபோது வயது 16.

ஒருமுறைகூட வேறு கிளப்புக்குப் போக நினைத்ததில்லையா?

போகவே பார்த்தார். "விசுவாசம்" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம், ஆனால் இருமுறை மயிரிழையில்தான் தப்பியது.

முதல் முறை 1997 தொடக்கம். அப்போதைய பயிற்சியாளர் கார்லோஸ் பியாங்கிக்கு இவரைப் பிடிக்கவில்லை. சம்ப்டோரியாவுக்குக் கடனாக அனுப்பிவிட்டு நெதர்லாந்து கிளப்பான அயாக்ஸின் வீரர் லிட்மனெனைக் கொண்டுவர நினைத்தார். அந்த நேரம் பார்த்து ரோமில் ஒரு சின்ன நட்புப் போட்டித் தொடர். வந்த அணிகள் அயாக்ஸும் ஜெர்மனியின் மொன்சன்கிளாட்பாக்கும். யாரைக் கொண்டுவர நினைத்தார்களோ அவர் கண் முன்னாலேயே டோட்டி இரண்டு அணிக்கும் கோல் போட்டார். கிளப் தலைவர் பிராங்கோ சென்சி பையனை விடமாட்டேன் என்றார். சில வாரங்களில் மூட்டை கட்டியது பியாங்கிதான்.

இரண்டாவது, ரியல் மாட்ரிட். 2004 வாக்கில் அவர்கள் தீவிரமாகக் கேட்டார்கள். தானும் கிட்டத்தட்டச் சம்மதிக்கும் நிலையில் இருந்ததை டோட்டியே பிறகு சொல்லியிருக்கிறார். ஆசையே இல்லாதவன் தங்குவதில் என்ன இருக்கிறது? இவருக்கு ஆசை இருந்தது.

போயிருந்தால் இன்னும் நிறையக் கோப்பை கிடைத்திருக்குமே அண்ணா?

கண்டிப்பாகத் தம்பி. ரோமாவோடு ஒரு லீக் பட்டம், இரண்டு இத்தாலியக் கோப்பை, இரண்டு சூப்பர் கோப்பை, அவ்வளவுதான். இரண்டாம் இடத்தைத்தான் எண்ணி மாளாது: 2002, 2004, 2007, 2008, 2010, 2014, 2015, 2017. இதில் 2010 வலிக்கும். கடைசிக் கட்டத்தில் சொந்த மைதானத்தில் சம்ப்டோரியாவிடம் 2-1 என்று தோற்று, 2 புள்ளியில் இன்டர் மிலான் கிளப்பிடம் லீக் பட்டத்தை விட்டார்கள்.

அந்த ஒரே பட்டத்துக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ரோமா வரலாற்றிலேயே அது மூன்றாவது பட்டம்தான். அதற்கு முன் 1942, 1983. 2001 ஜூன் 17, கடைசி நாள், எதிரணி பார்மா, ஜெயித்தே ஆக வேண்டும். முதல் கோல் டோட்டி, அப்புறம் மோன்டெல்லா, பட்டிஸ்டுட்டா. 3-1. மேட்ச் முடியும் முன்பே ஜனம் மைதானத்துக்குள் இறங்கிவிட, ஆட்டத்தை நிறுத்தி, கூட்டத்தை வெளியேற்றித்தான் முடித்தார்கள். தன் ஊரில், தன் கிளப்பின் கேப்டனாக அப்படி ஒரு நாள் வேறு எங்கே கிடைக்கும்?

நம்பர் 10, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று வாய்ப்பு உருவாக்கித் தரும் ஆட்டக்காரர், எப்படி ஒரே சீசனில் 26 கோல் போட்டார்?

2005ல் வந்த பயிற்சியாளர் ஸ்பாலெட்டியிடம் காயமில்லாத ஸ்ட்ரைக்கர்கள் இல்லாமல் போனார்கள். சரி, நீ முன்னால் நில் என்று டோட்டியை நிறுத்தினார். இவரோ நின்ற இடத்தில் நிற்காமல் நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்குவார். பின்னாலேயே போவதா, இடத்தைக் காப்பதா என்று தடுப்பாட்டக்காரருக்குக் குழப்பம். பின்னால் வந்தால் அந்தக் காலி இடத்துக்குள் பெரோட்டாவோ மன்சினியோ பாய்வார்கள். வராமல் நின்றால் டோட்டிக்குத் திரும்பிப் பார்த்துப் பாஸ் கொடுக்க நேரம் கிடைக்கும். கோல் பக்கம் முதுகு இருக்கும்போதே, பார்க்காமல், ஒரே தொடலில் பந்தைத் திருப்பிவிடுவார். அதை மட்டும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். 2006-07ல் 26 லீக் கோல், ஐரோப்பிய லீக்குகளில் கோல் அடிப்பதில் முதலிடம் பிடிப்பவருக்கான தங்கக் காலணி விருது.

ஸ்பூன் பெனால்டி என்கிறார்களே, அது என்ன?

யூரோ 2000 அரையிறுதி, ஆம்ஸ்டர்டாம், எதிரே நெதர்லாந்து. பெனால்டி ஷூட்அவுட்டுக்கு நடக்கும் முன் சக வீரர்களிடம் "இப்போ ஸ்பூன் போடப் போறேன்" என்று ரோம் வட்டாரப் பேச்சில் சொல்லிவிட்டுப் போனார். கோல்கீப்பர் வான் டெர் சார் ஒரு பக்கம் பாய, பந்தை நடுவில் கரண்டியால் அள்ளிப்போட்ட மாதிரி மெதுவாக விட்டார். வயது 23. திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆஹா ஓஹோ என்கிறீர்கள், எதிராளி முகத்தில் துப்பியதை மறந்தாச்சா?

மறக்கவில்லை. யூரோ 2004ல் டென்மார்க்கின் போல்சன் மீது துப்பி 3 மேட்ச் தடை வாங்கினார். 2010 இத்தாலியக் கோப்பை இறுதியில் இன்டர் வீரர் பலோடெல்லியைப் பின்னாலிருந்து உதைத்துச் சிவப்பு அட்டை. இரண்டுக்கும் சாக்கு கிடையாது.

மொத்தக் கணக்கு?

ரோமாவுக்கு 786 ஆட்டம், 307 கோல். அதில் லீக்கில் மட்டும் 250. இத்தாலிய லீக்கில் இதைவிட அதிகம் போட்டவர் சில்வியோ பியோலா ஒருவர்தான், 274.

கடைசிக் காலத்தில் கிளப் அவரை மரியாதையாக நடத்தியதா?

என் கணிப்பில் இல்லை. 2016 பிப்ரவரியில், தன்னை ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைப்பது பற்றி டிவியில் குறைபட்டுக்கொண்டதற்காக, திரும்பி வந்திருந்த அதே ஸ்பாலெட்டி அவரை அணியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 20, எதிரணி டோரினோ 2-1 என்று முன்னிலை. 86ஆம் நிமிடம் டோட்டி உள்ளே வருகிறார். முதல் தொடலிலேயே கோல், கொஞ்ச நேரத்தில் பெனால்டியில் இன்னொன்று, 3-2. வயது 39. கேலரியில் பெரியவர்கள் அழுதார்கள்.

அடுத்த ஆண்டு 2017 மே 28, ஜெனோவாவுக்கு எதிராகக் கடைசி ஆட்டம். முடிந்தபின் மனைவி, பிள்ளைகளோடு மைதானத்தைச் சுற்றி வந்தார். தனக்குப் பயமாக இருக்கிறது என்று கடிதத்தைப் படித்துக்காட்டினார். "உன்னை மிஸ் பண்ணுவேன்" என்று ஒரு பந்தில் எழுதி, ரோமாவின் தீவிர ரசிகர்கள் நிற்கும் தெற்கு கேலரிக்குள் உதைத்துவிட்டார்.