கரி அடுப்பு, குழிவிரியன், அட்டை: மலைவாசிகளின் முதலுதவிக் கேள்விகள்

கேள்வி: ராத்திரியில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் குளிர்காய்கிறோம். புகையே வராத கரிதான். ஆபத்து உண்டா? (குன்னூர்)

புகை வந்தால் கண் எரிந்து ஜன்னலைத் திறப்பீர்கள். கனிந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்புதான் முதல் அறிகுறி. ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலை வலித்தால், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று இழுத்துப் போர்த்திக்கொள்ளாதீர்கள். உடனே வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு, சட்டென்று இழுத்து வாருங்கள். அங்கேயே நின்று தண்ணீர் தெளித்தால் நீங்களும் விழுவீர்கள். 108-ல் பேசும்போது 'கரி அடுப்பு' என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டலாம். அதை நம்பவே வேண்டாம், இரண்டு வாயுவுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தலை தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், கர்ப்பிணி என்றால் ஒரு நிமிடமும் தள்ளிப்போடக் கூடாது. 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறோம்' என்பவர்களுக்கும் இதே பதில்தான். தூங்கும் அறைக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

கேள்வி: கொடைக்கானல் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிறது, வியர்க்கிறது. உயரம்தானே காரணம்?

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான். மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். அந்தக் குளிரில் வியர்க்கிறது என்றால் மாரடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடக்க விடாமல் சாய்த்து உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தப்போக்கோ இல்லையென்றால் 300 மி.கி. மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொல்லலாம். கீழே இறங்கினால் சரியாகிவிடும் என்று வத்தலக்குண்டுக்கு வண்டியைத் திருப்பாதீர்கள். முதல் ஈசிஜி கொடைக்கானலிலேயே எடுக்கட்டும்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது விரலில் பச்சைப் பாம்பு கடித்துவிட்டது. மேஸ்திரி மணிக்கட்டில் கயிறு கட்டினார். சரியா? (கோத்தகிரி)

தவறு. கொடிபோல் ஒல்லியாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. உடல் தடித்து, தலை முக்கோணமாக இருந்தால் குழிவிரியன். அதன் விஷம் கடித்த இடத்திலேயே சதையைக் கெடுக்கும். கட்டுப் போட்டால் கேடு கூடும். வீங்குவதற்குள் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, கையை அசையாமல் துண்டில் தொங்கவிடுங்கள். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். ஏற்கெனவே இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்றால் மருத்துவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிற்காகத் தயாரிப்பது. குழிவிரியன் அதில் இல்லை. அதனால் தூரத்திலிருந்து ஒரு படம் கிடைத்தால் மருத்துவருக்கு உதவும். படத்துக்காகப் பாம்பைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: அட்டை கடித்தால் உப்பா, தீக்குச்சியா?

இரண்டும் வேண்டாம். குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். மெலிந்த முனைதான் வாய். அங்கே நகத்தை வைத்து ஓரமாகத் தள்ளுங்கள், விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் நெடுநேரம் கசியும், பயப்பட வேண்டாம். இதய நோய்க்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.