சிம்பல் கேள்வி பதில்: காது மாறியதற்கு வெண்கலம் என்ன செய்யும்?

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். சிம்பலின் (டிரம் செட்டில் ஸ்டிக்கால் அடிக்கும் உலோக வட்டத் தட்டு) விட்டம், கிராம் கணக்கில் எடை, கையிலிருக்கும் ஸ்டிக், வாசிக்கும் அறையின் அளவு, இந்த நான்கையும் எழுதுங்கள். பிராண்டும் மாடலும் மட்டும் போட்டால் பாதிப் பதில்தான் வரும். கையால் அடித்துச் செய்த ஒரே மாடல் ரைடு (தாளத்தை விடாமல் தட்டிப் போகும் பெரிய சிம்பல்) இரண்டை எடுத்தால், எடையில் 200 கிராம் வித்தியாசம் வருவது சாதாரணம்.

கேள்வி: எதையும் வெட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்று ஐந்து வருடம் முன்பு 20 அங்குல ரைடு வாங்கினேன். எடை 2,600 கிராம். இப்போது அதைத் தொட்டாலே எரிச்சல் வருகிறது. ஸ்டிக் 5பி அளவு, நைலான் முனை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. எல்லோரும் சொல்லும் டார்க் (கூர்மை குறைந்த, அடங்கிய சத்தம்) ரைடுக்கு மாறிவிடலாமா?

பதில்: நான்கு விவரமும் வந்துவிட்டதால் விரிவாகவே சொல்கிறேன். 20 அங்குலத்தில் 2,600 கிராம் என்பது கனத்த ரைடு. ஆம்ப்ளிஃபையர் வைத்த கிடார்களுக்கு மேலே ஸ்டிக் சத்தம் 'டிங் டிங்' என்று தனியாகத் தெரிவதற்காகச் செய்யப்பட்டது. அதைச் சின்ன அறையில் வைத்தால் நாலு சுவரும் அந்த 'டிங்'கைத் திருப்பி உங்கள் காதுக்கே அனுப்பும். உங்கள் ரசனை மாறியிருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அதிகம் செலவில்லாத மூன்று வேலை இருக்கிறது.

முதலில் நைலான் முனையை விடுங்கள். மர முனை, அதிலும் நீளுருண்டையானது, மேல் அலைவரிசையை அப்போதே குறைத்துவிடும். அடுத்து 5பி-யை இறக்குங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய 15 மி.மீ.; 7ஏ 13 மி.மீ. சொச்சம். ஸ்டிக் இலேசானால் 'டிங்' சுருங்கும். மூன்றாவது, 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளத்தில் துணி டேப் ஒரு துண்டு. சிம்பலின் அடிப்பக்கம், பெல்லுக்கும் (நடுக்குமிழ்) விளிம்புக்கும் இடையில் ஒட்டுங்கள். கார்வை (அடித்தபின் நீளும் ஒலி) அதிகமாகச் செத்துவிட்டால் பாதியாக வெட்டுங்கள். இரண்டு வாரம் இப்படி வாசியுங்கள்.

அதற்குப் பிறகும் எரிச்சல் இருந்தால் மாறியது ரசனைதான். அப்போது 22 அங்குலம், 2,200 முதல் 2,400 கிராம் வரை தேடுங்கள். விட்டம் கூடி எடை குறைவதால் சுருதி இறங்கும், 'ஷ்ஷ்' என்ற வாஷ் சீக்கிரம் திறக்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கடையில் மெதுவாகத் தட்டிப் பார்த்து மயங்கி வாங்குவார்கள். பேண்டோடு உட்கார்ந்தால் வாஷ் வந்து ஸ்டிக் சத்தத்தை விழுங்கிவிடும். வாங்குமுன் உங்கள் அதிகபட்ச சத்தத்தில் நாலு பார் (தாளச் சுற்று) ரைடு பேட்டர்ன் வாசியுங்கள். மூன்றாவது பாரிலேயே ஸ்டிக் காணாமல் போனால் அது உங்கள் கைக்கு மெல்லிசு. பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லி ஐந்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். பக்கத்தில் கரகரவென்று தெரிந்தது தூரத்தில் பட்டுப்போல் கலந்துவிடும். பக்கத்தில் பட்டாக இருந்தது தூரத்தில் காணாமலே போகலாம்.

கேள்வி: எந்த பிராண்ட் சார் பெஸ்ட்?

பதில்: எடை, அறை, ஸ்டிக்.

கேள்வி: பி8 சிம்பல் பழகுபவர்களுக்கு மட்டும்தான், பி20 வாங்கினால்தான் மதிப்பு என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்த எண் வெள்ளீயத்தின் சதவீதம், அவ்வளவுதான். பி20-இல் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். பி8-இல் 92-க்கு 8. பி8 தகடாக உருட்டக்கூடியது, வேலை சுலபம், அதனால் மலிவான வரிசைகள் பல அதில் வருகின்றன. அதே உலோகத்தில்தான் சுவிஸ் நிறுவனமான பைஸ்டே 1971-இல் '2002' என்ற பெயரில் ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் போனம் வாசித்தது அதை. அதைப் பழகுபவர் சிம்பல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சத்தத்தைத் தீர்மானிப்பதில் தடிமன், வளைவு, சுத்தியல் தழும்பு, கடைசல் (சுழற்றிச் சீவும்போது விழும் வரிகள்) எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதை மட்டும் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: 16 அங்குல கிராஷ் (அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் சிம்பல்), 900 கிராம். விளிம்பில் ஒரு செ.மீ. விரிசல். வெல்டிங் வைத்தால் ஒட்டுமா?

பதில்: ஒட்டும், சிம்பல் செத்துவிடும். 20 சதவீத வெண்கலத்தை 600 டிகிரிக்கு மேல் சுடவைத்து, சட்டென்று தண்ணீரில் முக்கித்தான் உடையாத பதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எஃகு இப்படிச் செய்தால் விறைக்கும், இது நேர்மாறு. வெல்டிங் சூட்டில் அந்த இடம் மெதுவாக ஆறினால் கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்துக்குத் திரும்பிவிடும். கொஞ்ச நாளில் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும்.

செய்ய வேண்டியது இது. விரிசல்மேல் பேனா மையைத் தேய்த்துத் துடையுங்கள். மை உள்ளே தங்கி, விரிசல் உண்மையில் எங்கே முடிகிறது என்று காட்டும். வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட ஓரிரு மி.மீ. தள்ளியே இருக்கும். விளிம்பு விரிசலுக்கு, அந்த முனையையும் சேர்த்து ஆழம் குறைந்த 'ப' வடிவில், மூலைகளை வளைவாக விட்டு, கை அரத்தால் அரம்போட்டு எடுங்கள். கூர்மையான மூலை விட்டால் அதுவே அடுத்த விரிசலுக்கு வாசல். பிறகு நைஸ் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் வழவழப்பாக்குங்கள். உலோகம் கை சுடும் அளவுக்குப் போகக்கூடாது. விரிசல் விளிம்பைத் தொடாமல் நடுவில் கடைசல் வரிகளோடு ஓடினால், இரு முனையிலும் 3 மி.மீ. துளை. அடியில் மரக்கட்டை, மெதுவான வேகம், ஒரு சொட்டு எண்ணெய்.

ஏன் விரிந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விங் நட்டை (சிம்பலை ஸ்டாண்டில் பிடித்து நிறுத்தும் சிறகு மரை) இறுக்கி வைத்திருப்பீர்கள். ஆடமுடியாத சிம்பல் அடியின் பலத்தை விளிம்பிலேயே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடிச் சிம்பல்) 14-லிருந்து 16 அங்குலத்துக்கு மாற ஆசை. இப்போது எல்லோரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

பதில்: வாங்காமலே சோதிக்கலாம். மெல்லிய 16 அங்குல கிராஷ் இரண்டு கிடைத்தால் ஹை-ஹாட் ஸ்டாண்டில் போடுங்கள், எடை கூடியது கீழே. சுருதி இறங்கும், திறந்தால் அகலமாக விரியும், காலால் மூடும் 'சிக்' தாமதமாக, மந்தமாக வரும். வேகமான கால்வேலை உள்ளவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். கீழ் சிம்பல் சாய்வுத் திருகைக் கொஞ்சம் திருப்பி வைக்க மறக்காதீர்கள். இரண்டும் சமமாகப் பொருந்தினால் நடுவில் காற்று அடைபட்டு 'சிக்' வராது. இடைவெளி 2 செ.மீ. போதும்.

கேள்வி: சிம்பல் வருடம் ஆக ஆகத் தானாகவே கனிந்து டார்க் ஆகும். புதுசை ஆறு மாதம் மண்ணில் புதைத்தால் அதே பலன். நீங்கள் ஏன் இதைச் சொல்வதில்லை?

பதில்: ஏனென்றால் கனிவதற்கு அது மாங்காய் அல்ல. அறை வெப்பத்தில் வெண்கலத்துக்குள் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. நடப்பது மேலே. கடைசல் வரிகளில் கை எண்ணெய், தூசி, செம்பின் களிம்பு படிகிறது. அந்தப் படலம் மேல் அலைவரிசையை அமுக்குகிறது. மண்ணில் புதைத்தால் களிம்பு வேகமாக ஏறும், அத்தோடு உலோகத்தை அங்கங்கே அரித்துக் குழியும் விழும். விளிம்பில் விழும் ஒவ்வொரு குழியும் விரிசலுக்கு முதலீடு.

அதே நபர்: அப்படியானால் துருக்கியில் செய்த பழைய இஸ்தான்புல் கே (கே ஸில்ஜியன்) சிம்பல்கள் ஏன் அவ்வளவு இனிமை? அறுபது வருட வயதுதானே காரணம்?

பதில்: 1950, 60களின் ஜாஸ் பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். அந்த டார்க் சத்தம் அப்போதே பதிவாகியிருக்கிறது. அதற்கு அறுபது வருடம் தேவைப்படவில்லை. கைச் சுத்தியல் வேலை, மெல்லிய தகடு, அவ்வளவுதான். இன்னொன்று, அந்தக் காலத்தில் மோசமாக வந்தவையும் ஏராளம். உடைந்ததும் உருக்கியதும் போக, நல்லதைத்தான் ஆட்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். மிஞ்சியதை மட்டும் பார்த்து மொத்தத்தையும் எடைபோடாதீர்கள்.

இன்னொருவர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சுத்தியல் வேலை முடிந்ததும் சில தயாரிப்பாளர்களே சிம்பலைச் சில நாள் ஓய்வில் வைக்கிறார்களே? உள்ளே ஏதோ மாறுகிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: நல்ல கேள்வி, இதை ஒப்புக்கொள்கிறேன். சுத்தியல் அடியால் தகட்டுக்குள் இறுக்கம் தங்குகிறது. புதிதாக அடித்ததில் அது கொஞ்சம் தளரும். அதனால்தான் பட்டறையில் காத்திருக்கிறார்கள். அந்தத் தளர்ச்சியை வைத்துக்கொண்டு இருபது வருடக் கனிவுக்கு வாதாடமுடியாது.

அதே நபர்: என் காது பொய் சொல்லுமா?

பதில்: உங்கள் காது நேற்றைய சத்தத்தையே சரியாக ஞாபகம் வைத்திருக்காது. சோதித்துப் பாருங்கள். மைக் சிம்பலிலிருந்து ஒரு மீட்டர், உயரம் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே ஸ்டிக், பத்து அடி பதிவு செய்யுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ். வரிகளின் போக்கிலேயே தேய்த்து, உடனே ஈரம் துடைத்து, அதே இடத்தில் வைத்து மறுபடி பதிவு. கூர்மை திரும்பி வந்தால் நீங்கள் வயது என்று நினைத்தது அழுக்கு. இந்த விவாதம் இதோடு போதும், வரிசையில் பலர் நிற்கிறார்கள்.

கேள்வி: பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கழுவும் முறை மேலே இருக்கிறது. அரைக்கும் பாலிஷ் லோகோவை அழிக்கும், வரிகளின் முனையையும் தேய்க்கும். வேண்டாம்.

கேள்வி: அண்ணே, ராக்குக்கு எந்த பிராண்ட்?

பதில்: மேலே பாருங்கள். அதற்கும் மேலே பாருங்கள்.

கேள்வி: பழைய சிம்பல்களெல்லாம் இப்போது மந்தமாகக் கேட்கின்றன. இன்னும் பிரைட்டானதாக வாங்கலாமா? வாசித்து முடித்தால் ராத்திரி முழுக்கக் காதில் 'கீய்ங்' என்கிறது.

பதில்: சிம்பல் வாங்காதீர்கள், காது டாக்டரிடம் போங்கள். கேட்புச் சோதனை எடுக்கச் சொல்லுங்கள். சத்தத்தால் கெடும் காதில் முதலில் சரிவது 4 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். சிம்பலின் கூர்மையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. காது அதை இழந்தால் நல்ல சிம்பலும் மந்தமாகத் தெரியும். நீங்கள் பிரைட்டாக வாங்குவீர்கள், கேட்பவர்களுக்குக் காது கிழியும், உங்கள் காது இன்னும் கெடும். கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். சின்ன அறையில் கிராஷ் அடித்தால் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இசைக்காரர்களுக்கான காதடைப்பான் போட்டுக்கொண்டு வாசியுங்கள். ரசனை மாறிவிட்டதா என்ற பேச்சைச் சோதனை முடிவு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எலக்ட்ரானிக் பேடு பற்றி?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: புது 18 அங்குல கிராஷ், 1,350 கிராம். கார்வையே இல்லை, 'டொக்' என்று நின்றுவிடுகிறது. ஓட்டைச் சிம்பலைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: விங் நட். முழுதாகக் கழற்றுங்கள். தண்டில் பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் துளையைத் திருகுமரை அரித்துவிடும். மேல் ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளி வளையம்) நசுங்காத அளவுக்கு மட்டும் நட்டைத் திரும்பப் போடுங்கள். விளிம்பை ஒரு விரலால் அழுத்திவிட்டால் இரண்டு மூன்று தடவை ஊஞ்சல்போல் ஆடி நிற்க வேண்டும். ஆடியும் 'டொக்' என்றே வந்தால் விளிம்பைச் சுற்றி மைசோதனை செய்துவிட்டு எழுதுங்கள்.