கவுன்சிலர் கணவரிடம் சொன்னதும், சொல்லியிருக்கக் கூடாததும்

கேள்வி: நான் உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. பிள்ளை பிறந்த பிறகு மனம் சரியில்லாமல் நான்கு மாதம் கவுன்சிலிங் போனேன். ஒரு நாள், "கடலுக்குள் இறங்கிப் போயிடலாம் போல கிடக்கு, மாத்திரையும் சேர்த்து வைச்சிருக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். அன்று பின்னேரமே கவுன்சிலர் என் கணவருக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டார். அதோடு நிற்கவில்லை. கலியாணத்துக்கு முந்தி நான் ஒருவரை விரும்பியதையும், மாமியைப் பற்றிச் சொல்லி அழுததையும்கூடச் சொல்லியிருக்கிறார். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். "விவாகரத்துக் கேட்கப்போறன், உன்ர கவுன்சிலரையே சாட்சிக்குக் கூப்பிட்டுப் பிள்ளையை எடுப்பன்" என்கிறார் கணவர். கவுன்சிலர் மீது வழக்குப் போடலாமா? அவர் சாட்சி சொல்வதைத் தடுக்கலாமா? இப்போது நான் எவரிடமும் போவதில்லை.

பதில்: சகோதரி, வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மாத்திரைகள் இன்னும் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே அம்மாவின் கையில் கொடுத்துவிடுங்கள். இரவில் மனம் குழம்பினால் 1926க்கு எடுங்கள். அது இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

இனி அந்தக் கோல். உங்களுக்கு அது ஒரே துரோகமாகத் தெரிகிறது. எனக்கு அதில் இரண்டு காரியம் தெரிகிறது. "செத்தால் நல்லம்" என்று அலுத்துச் சொல்வது ஒன்று, மாத்திரையைச் சேர்த்து வைத்துவிட்டுச் சொல்வது வேறொன்று. பின்னதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பதை எந்த மருத்துவ, உளவளத்துணை ஒழுக்கநெறியும் ஏற்காது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இரகசியம் விலகும். தற்கொலை முயற்சி என்றால் பொலிஸ் பிடிக்கும் என்ற பயம் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. அதைக் குற்றமாக்கிய பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

கணவரைத்தானா அழைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முதல் நாள் நிரப்பிய படிவத்தை நினைத்துப் பாருங்கள். "அவசரத்துக்கு யாரை அழைப்பது" என்ற இடத்தில் கணவரின் நம்பரை நீங்களே எழுதியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். என்றாலும் கோல் எடுக்க முன்பு உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே கவுன்சிலர் தவறியிருக்கிறார்.

ஆனால் பழைய காதலும் மாமிக் கதையும் எந்த உயிரைக் காப்பாற்றின? "மாத்திரை வைத்திருக்கிறா, தனியே விடாதீர்கள்" என்பதோடு அந்தக் கோல் முடிந்திருக்க வேண்டும். மிச்சமெல்லாம் நம்பிக்கை மீறல்தான்.

அதற்கு வழக்கு உண்டா? உண்டு. நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி, ஒருவரின் கண்ணியத்தைப் புண்படுத்தியதற்கு நட்டஈடு கேட்கலாம். பொதுவாக இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டும். அவரோ "நல்லெண்ணத்தில் சொன்னேன்" என்பார். அந்தக் கோலைக் கேட்ட ஒரே சாட்சி உங்கள் கணவர். அவர் உங்களுக்காகக் கூண்டில் ஏறுவாரா? என்னைக் கேட்டால் வழக்குக்கு முன்பு, கவுன்சிலர் வேலை செய்யும் இடத்தின் பொறுப்பதிகாரிக்குத் திகதி போட்டு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். மருத்துவராக இருந்தால் இலங்கை மருத்துவச் சபைக்கும் எழுதலாம்.

மாமியை நஞ்சு வைத்துக் கொல்லப்போகிறேன் என்று திட்டத்தோடு சொல்லியிருந்தால் கதை வேறு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, கொலை செய்யும் எண்ணம் ஒருவருக்கு இருப்பதை அறிந்த எவரும், தகுந்த காரணம் இல்லாமல் பேசாமல் இருக்கக் கூடாது என்கிறது. உளவளத்துணை படிப்பவர்களுக்குச் சொல்லப்படும் அமெரிக்க வழக்கு ஒன்றும் இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு மாணவன் தத்தியானா தராசொஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னான். அவர் வளாகப் பொலிஸுக்கு அறிவித்தார். அவர்கள் அவனைப் பிடித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. 1969 இல் அவள் கொல்லப்பட்டாள். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976 இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தீர்த்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. கோபத்தில் மாமியைத் திட்டி அழுவது இந்தக் கணக்கில் வராது.

சாட்சி விடயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு சட்டத்தரணியிடம் சொன்னதைக் காக்கிறது. மருத்துவரிடமோ கவுன்சிலரிடமோ சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. அழைப்பாணை வந்தால் அவர் போகத்தான் வேண்டும். கேள்விகள் வழக்குக்குத் தொடர்பில்லாதவை என்று உங்கள் சட்டத்தரணி ஆட்சேபிக்கலாம்.

ஆட்சேபிக்க இடமும் இருக்கிறது. பொது விவாகச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணங்கள் மூன்றுதான்: பிறர்மனை கூடுதல், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், விவாகத்தின்போதே இருந்த, தீராத உடலுறவு இயலாமை. மனச்சோர்வு அதில் இல்லை. கலியாணத்துக்கு முந்திய காதலும் இல்லை. நீங்கள் அம்மா வீட்டுக்கு வந்ததைக் "கைவிட்டுப் போனாள்" என்று அவர் திருப்பக்கூடும். ஆகவே ஏன் வந்தீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

பிள்ளை விடயத்தில் உங்கள் மனநிலை பேசப்படும், ஏனென்றால் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. அங்கே உங்களுக்கு ஆபத்து நீங்கள் கவுன்சிலிங் போனதில் இல்லை, இப்போது போகாமல் இருப்பதில் இருக்கிறது. வேறொருவரிடம் திரும்பப் போங்கள். எதைச் சொன்னால் வெளியே சொல்வீர்கள், யாரிடம், எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். அந்தப் படிவத்தில் இந்தமுறை அம்மாவின் நம்பரை எழுதுங்கள்.