பட்டு, பழைய துணி, ம்யூசியம்: கேட்டவங்களுக்கு பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் பழைய துணி பராமரிப்பு வேலையில இருக்கேன், புடவை, கோயில் துணி, ம்யூசியத்துல இருக்கற துணி எதைப் பத்தி வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறய கேள்வி வந்திருக்கு. ஓவியம் என்ன விலை போகும், நகை என்ன விலை போகும்னு கேட்டவங்க மன்னிக்கணும், அது என் துறை இல்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எந்த ம்யூசியத்துக்கு கிளம்பினாலும் வார லீவு என்னைக்குன்னு பாத்துட்டு கிளம்புங்க. எக்மோர் வெள்ளிக்கிழமை லீவு, தக்ஷிணசித்ரா செவ்வாய், அகமதாபாத் காலிகோ புதன், பாரிஸ்ல லூவ்ர் செவ்வாய், ஓர்சே திங்கள்.

சேலம் பொண்ணு: அக்கா, எக்மோர் ம்யூசியம் போனா எனக்கு அரை மணி நேரத்துல முடிஞ்சிருது. புடவை, நகைன்னா உசுரு, சிலை பத்தி ஒண்ணுமே தெரியாது. அங்க எனக்கு பாக்க என்ன இருக்கு?

புடவை நகை பிரியம் இருக்கறவங்களுக்குத்தான்மா அந்த வெண்கலக் கூடமே. சாமி பேரு, எந்த ராஜா காலம் எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல அம்மன் சிலை ஒண்ணு முன்னாடி நின்னு இடுப்புலேந்து கீழ பாருங்க. துணி உடம்போட ஒட்டியிருக்கும், துணி இருக்குன்னு காட்டறதே தொடை மேல ஓடற மெல்லிசான கோடுங்கதான், சிலதுல கோட்டுக்கு நடுவுல குட்டிக் குட்டிப் பூ செதுக்கியிருப்பாங்க, அதுதான் அந்தக் காலத்து புடவை டிசைன்! அப்பறம் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் கிட்ட போங்க. ஒரே உடம்புல ரெண்டு உடுப்பு, ஆண் பாதிக்கு துணி தொடையோட நின்னுரும், பெண் பாதிக்கு கணுக்கால் வரைக்கும் இறங்கும், கை கூட ஆண் பக்கம் ரெண்டு, பெண் பக்கம் ஒண்ணு. நகை ரெண்டு பக்கமும் எப்படி மாறுதுன்னு நீங்களே கண்டுபிடிங்க. சுத்தி வர முடிஞ்ச இடத்துல எல்லாம் சிலைக்கு பின்னாடியும் போங்க. இதெல்லாம் ஊர்வலத்துல போற மூர்த்தி, நாலு பக்கமும் ஜனங்க பாப்பாங்கன்னு செஞ்சது, அதனால பின்னல், முதுகுல தொங்கற குஞ்சம், துணி முடிச்சு எல்லாம் அங்கயும் இருக்கும், நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேர் முன்னாடி நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு நகர்ந்துடறாங்க. தஞ்சாவூர் போனீங்கன்னா அரண்மனை கலைக்கூடத்துல 1011ஆம் வருஷத்து ரிஷபவாகனர் இருக்கார், இவரும் திருவெண்காடுதான். சடையை பாம்போட சேத்து தலைப்பாகை மாதிரி சுத்தியிருக்கறத பாக்கவே தனியா போகலாம்.

பயணப்பை: லண்டன் போறோம், நாலு நாள்தான். துணி பாக்கறதுக்கு எங்க போகலாம்? டிக்கெட் எவ்வளவு?

விக்டோரியா ஆல்பர்ட் ம்யூசியம், நுழைவு இலவசம். அதோட கிழக்கு லண்டன்ல 2025ல அவங்களோட பொருள் கிடங்கையே ஜனங்களுக்கு திறந்து விட்டிருக்காங்க, ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு பேரு, அத விட்டுடாதீங்க. அவங்க வெப்சைட்ல தேடி 5 பொருள் வரைக்கும் குறைஞ்சது 2 வாரம் முன்னாடி கேட்டு வச்சா உங்களுக்குன்னு எடுத்து வெளியில வைப்பாங்க. இதுக்கும் காசு கிடையாது, ஆராய்ச்சி பண்றவங்களா இருக்கணும்னும் இல்ல. நம்ம ஊர் துணிய மேசை மேல வச்சு கிட்டக்க பாக்கற வாய்ப்பு, அதனால டிக்கெட் போட்ட கையோட இதையும் போட்டுருங்க.

என்ன தேடறதுன்னு தெரியலன்னா கொடாலிக்கருப்பூர் துணி தேடுங்க. கும்பகோணம் பக்கத்து ஊர், தஞ்சாவூர் மராத்திய அரண்மனைக்குன்னே செஞ்ச துணி, நெய்யறப்பவே தங்க ஜரிகையில புட்டா போட்டு, அப்பறம் மெழுகு வச்சு சாயம் ஏத்தறது. கிட்டப் போய் பாத்தா செம்பழுப்பு சாயத்துக்கு நடுவுல தங்கம் அமுங்கி மினுங்கும். 1855ல அரசு போச்சு, வாங்க ஆள் இல்லாம கொஞ்சம் கொஞ்சமா அந்த நெசவும் போச்சு. சாயம் தீட்டற வேலை மட்டும் சிக்கல்நாயக்கன்பேட்டையில கோயில்ல குழாய் மாதிரி தொங்க விடற தொம்பை, தோரணம்னு இன்னும் நடக்குது, 2021ல கருப்பூர் கலம்காரின்னு புவிசார் குறியீடும் கிடைச்சுது. லண்டன் போக முடியாதவங்க அங்க போய் பாருங்க.

நீலக்கரை: மேடம், ஃபோட்டோ அனுப்பியிருக்கேன், இது அசல் காஞ்சிபுரம் பட்டான்னு சொல்லுங்க.

ஃபோட்டோல சொல்ல முடியாது. கையில இருந்தா நீங்களே பாக்கலாம், சொல்லித் தரேன். புடவைய திருப்புங்க. கோர்வைப் புடவைன்னா உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், மூணு நாடா (தறியில நூல் ஓட்டற கட்டை) போட்டு நெய்யறது, ரெண்டு ஊடை நூலும், அதாவது குறுக்கு நூலும், சேர்ற இடத்துல பின்பக்கம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பல்லுப் பல்லா நிக்கும். முந்தானை ஆரம்பிக்கற இடத்துல விரல வச்சு தடவினா லேசா ஒரு வரி தட்டுப்படும், பழைய பாவோட, அதாவது நீளவாக்கு நூலோட, புதுப் பாவ இழை இழையா சேத்த இடம், பிட்னின்னு சொல்லுவாங்க. இது ரெண்டும் இருந்தா கை வேலைதான்னு நெருக்கமா சொல்லலாம். ஆனா எல்லா காஞ்சிபுரமும் கோர்வை கிடையாது, அதனால இல்லன்னா போலின்னு முடிவு கட்டிடாதீங்க.

ஜரிகையில ஓரமா ஒரு இழைய எடுத்து நகத்தால சுரண்டுங்க. அசல் ஜரிகைன்னா உள்ள சிவப்பு பட்டு நூல், அது மேல வெள்ளி, அதுக்கு மேல தங்க முலாம். முக்கியமா, சில்க் மார்க் இருந்தா பட்டு சுத்தம்னு மட்டும்தான் அர்த்தம். ஜரிகை அசலா, கைத்தறியாங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க்னு தனியா இருக்கு.

ரோஜா கலர்: என்னோடது டெஸ்டட் ஜரிகைன்னு கடையில சொன்னாங்க, அசல்தானே?

இல்லம்மா. டெஸ்டட்னா உள்ள செம்பு. புடவை நல்லதா இருக்கலாம், அசல் ஜரிகை விலை குடுக்காதீங்க.

மதுரை மீனா: ஜரிகை கறுத்துப் போச்சு அக்கா, பீரோல பாச்சை உருண்டை போட்டுத்தான் வச்சிருந்தேன்.

பாச்சை உருண்டை ஜரிகைய தொடவே கூடாது. பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், உள்ள ஈரம் தங்கிரும். கஞ்சி போடாத, நல்லா துவைச்ச பழைய வெள்ளை வேட்டியில சுத்தி வைங்க. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து காத்தாட விட்டு மடிப்ப மாத்துங்க, வெயில்ல போடாதீங்க. ஹேங்கர்ல தொங்க விட்டா ஜரிகை கனத்துக்கு பட்டு இழுபட்டுரும். கறுத்தத பாலிஷ் போட்டு தேய்க்க வேண்டாம், முலாம் போயிரும், அப்பிடியே கட்டலாம்.

ஃபேஷன் ஸ்டூடன்ட்: ப்ராஜெக்ட்டுக்கு சோழமண்டலக் கரை சின்ட்ஸ் எடுத்திருக்கேன். நெட்ல எல்லாம் பூப்போட்ட துணின்னு மட்டும் இருக்கு. இதுல அப்பிடி என்ன பெருசு?

ரொம்ப நாளா யாராவது கேப்பாங்களான்னு இருந்தேன்! சின்ட்ஸ்னா கையால சாயம் தீட்டின பருத்தித் துணி, அதுல பெருசு என்னன்னா துவைச்சா போகாத நிறம். ஐரோப்பாவுல அந்தக் காலத்துல பருத்தியில இந்த மாதிரி கெட்டி நிறம் ஏத்த அவங்களுக்கு தெரியாது, இங்க பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், மசூலிப்பட்டினம் பக்கமெல்லாம் அது வீட்டுத் தொழில். துணிய கடுக்காயும் எருமைப்பாலும் சேத்து நனைச்சு காய வச்சு, கறுப்புக்கு இரும்புக் காடியால கோடு இழுத்து, சிவப்பு வேண்டிய இடத்துல படிகாரம் தீட்டி, சாயவேர்ல போட்டு கொதிக்க வைக்கணும். இம்பூறல் வேர்னும் சொல்லுவாங்க. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்ப பிடிச்சுக்கும், மத்த இடத்துல ஏறினது அலசி வெயில்ல போடப் போட வெளுத்துரும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால மூடிட்டு அவுரித் தொட்டியில முக்கணும். பச்சை வேணும்னா அந்த நீலத்து மேல மஞ்சள். ஒரு இலைக்கு இவ்வளவு வேலை.

இந்தத் துணி அங்க போய் எப்படி வித்துதுன்னா, ஃப்ரான்ஸ் 1686ல தடை போட்டு 1759 வரைக்கும் எடுக்கல. லண்டன்ல 1719ல நெசவாளர்ங்க கலவரம் பண்ணி, இந்த மாதிரி துணி உடுத்தின பொம்பளைங்கள தெருவுல பிடிச்சு உடுப்பையே கிழிச்சாங்க, 1721ல உடுத்தறதுக்கே தடைச் சட்டம் வந்துது. தடை எடுத்த மறு வருஷம், 1760ல, பாரிஸ் பக்கத்துல ஜூயியில ஓபர்காம்ஃப் பட்டறை ஆரம்பிச்சார், இப்ப அந்த ஊர்ல ஒரு ம்யூசியமே இருக்கு. இதையெல்லாம் வீட்டுலேந்தே பாக்க, நியூயார்க் மெட்ரோபாலிடன் ம்யூசியம் 2017லேந்து காப்புரிமை இல்லாத பொருளோட படத்த எல்லாம் இலவசமா விட்டிருக்கு. பெருசாக்கி பூவோட ஓரத்த பாருங்க, கறுப்புக் கோடு ஓடற இடத்துல துணி இத்துப் போயிருக்கும், இரும்பு நாளாவட்டத்துல பருத்திய தின்னுரும். அந்த ஒரு ஓட்டைய வச்சே நீங்க ப்ராஜெக்ட்ல ஒரு அத்தியாயம் எழுதலாம்.

திருச்சி தம்பி: அம்மாவோட கல்யாணப் புடவை, கரை நல்லா இருக்கு, உடல் மடிப்பு மடிப்பா கிழிஞ்சிருச்சு. பழைய பட்டு வாங்கறவர் எடைக்கு கேக்கறார். குடுக்கலாமா?

குடுக்காதீங்க தம்பி. அத அவர் என்ன பண்ணுவார்னு தெரியுமா, எரிப்பாங்க, வெள்ளிய எடுத்துப்பாங்க, அவ்வளவுதான். அந்தக் கரையில இருக்கற டிசைன் வேற எங்கயும் இல்லாம இருக்கலாம்.

அதே கேள்வியில, மழைக்காலம்: மேடம், சொல்றது ஈஸி. எங்க அம்மா அப்பிடி புடவைய வித்துத்தான் என் ஸ்கூல் ஃபீஸ் கட்டினாங்க.

அது அவங்க பொருள், அவங்க தேவை, அதுல நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பீரோல இடம் இல்ல, யாரும் கட்டலன்னு தூக்கிக் குடுக்கறவங்களத்தான் சொல்றேன்.

ரயில்வே காலனி: அப்ப ம்யூசியத்துக்கு குடுத்துட வேண்டியதுதானே?

எல்லாத்தையும் வாங்கிக்க மாட்டாங்க சார், இடம் இல்ல, ஆள் இல்ல. புடவைய விட அதோட கதைக்குத்தான் மதிப்பு, எந்த வருஷம், எந்தக் கடை, பில்லு, அத கட்டிட்டு எடுத்த கல்யாண ஃபோட்டோ, இது இருந்தா கேட்டுப் பாக்கலாம்.

தறிக்காரர் மகன்: நான் நெசவாளர் வீடு. எல்லாரும் பழசு பழசுன்னு உருகறீங்க, புதுசு வாங்கறப்ப பவர்லூம்ல மலிவா எடுக்கறீங்க. எங்கப்பாவுக்கு அப்பறம் எங்க வீட்டுல தறியில யாரும் உக்கார மாட்டாங்க.

நீங்க சொல்றது நியாயம் தம்பி, நான் மறுக்கல. கைத்தறின்னு சொல்லி விசைத்தறிய விக்கறது பெரிய அநியாயம், அதுக்குத்தான் பின்பக்கத்த திருப்பிப் பாக்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டே இருக்கேன். உங்கள ஒண்ணு கேக்கறேன், அப்பா பழைய பேட்டு, அதாவது டிசைன், எதையாவது திரும்ப நெய்ஞ்சிருக்காரா? எதப் பாத்து நெய்ஞ்சார்?

தறிக்காரர் மகன்: ஒரு ஆச்சி கொண்டு வந்த புடவைய பாத்துதான். மயில்கண்ணும் ருத்ராட்சமும் மாத்தி மாத்தி வர்ற கரை. தறியில மாட்டற டிசைன் அட்டையெல்லாம் எப்பவோ போயிருச்சு. இழை எண்ணி எண்ணி வரைஞ்சு எடுத்தார்.

இதுதான். அந்த ஆச்சி எடைக்கு போட்டிருந்தா உங்கப்பாவுக்கு எண்ண இழையே இருந்திருக்காது. திருச்சி தம்பி, இதப் படிச்சீங்களா? கிழிஞ்ச உடல விடுங்க, கரையையும் முந்தானையையும் பத்திரம் பண்ணுங்க. நல்ல பகல் வெளிச்சத்துல, நேர் வெயில் இல்லாம, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு முன்பக்கமும் பின்பக்கமும் ஃபோட்டோ எடுங்க. அம்மாகிட்ட எந்தக் கடை, என்ன விலைன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி கூடவே வைங்க. கரைய வெட்டி வேற பட்டுல வச்சு தச்சு கட்டணும்னாலும் கட்டலாம், நான் தடுக்க மாட்டேன். தறிக்காரர் மகன், அப்பா கிட்ட இப்ப ஆர்டர் எடுக்கறாரான்னு கேட்டு எனக்கு தனியா எழுதுங்க.

பச்சைக்கிளி: மேடம் ஃபோட்டோ அனுப்பியிருக்கேன் இது அசலா?

மேல நீலக்கரைக்கு எழுதினத படிங்க.

சுற்றுலா ராஜா: ம்யூசியத்துல துணி வைக்கற இடம் மட்டும் ஏன் இவ்வளவு இருட்டு? ஒண்ணும் தெரியல.

துணிக்கு 50 லக்ஸ், அதாவது ரொம்ப மங்கலான வெளிச்சம்தான் வழக்கம். வெளிச்சத்துல வெளுத்த நிறம் திரும்ப வராது. நுழைஞ்சதும் ரெண்டு நிமிஷம் நின்னீங்கன்னா கண்ணு பழகிரும். ஃப்ளாஷ் போடாதீங்க.

கோவை அம்மா: ஐரோப்பா டூர்ல புடவையோட ம்யூசியம் போலாமா?

தாராளமா. வாடிகன்ல தோளும் முட்டியும் மூடியிருக்கணும், முந்தானைய தோள் மேல இழுத்து விட்டுக்கோங்க. மத்த இடத்துலயும் பின் குத்திக்கோங்க, முந்தானை பொருள் மேல உரசக் கூடாது. பெரிய பைய க்ளோக் ரூம்ல குடுத்துருங்க.

பைக்காரர்: அகமதாபாத் காலிகோ ம்யூசியம் நேரா போய் டிக்கெட் எடுக்கலாமா?

முடியாது, முன்னாடியே பதிவு பண்ணணும். சின்னச் சின்ன குழுவா கூட்டிட்டுப் போவாங்க, ஃபோட்டோ கூடாது. 1949ல சாராபாய் குடும்பம் ஆரம்பிச்சது, துணின்னா இந்தியாவுல மொதல்ல பாக்க வேண்டிய இடம். இன்னொரு தடவை சொல்றேன், புதன் லீவு.

பச்சைக்கிளி: படிச்சேன் மேடம், திருப்பிப் பாத்தேன், பல்லுப் பல்லா இருக்கு!

ரொம்ப சந்தோஷம். அப்ப முந்தானை வரியையும் தடவிப் பாத்துட்டு எழுதுங்க. மீதி கேள்விக்கு ஞாயித்துக்கிழமை வரேன், ஃபோட்டோ அனுப்பறவங்க பின்பக்கத்தையும் சேத்து எடுத்து அனுப்புங்க.